பழைய ஸ்மார்ட் டி.வி.யைத் தூக்கிப் போடாதீர்கள்! வீட்டு இண்டர்நெட்டில் இணைப்பது எப்படி?



சில மாதங்களுக்கு முன் நம் கூட்டமைப்பில் உள்ள ஒரு குழுவின் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு வசூல் முடிந்து கடன் மனு வாங்கும் நேரம். ஒரு உறுப்பினர் எழுந்து 20,000 ரூபாய் கேட்டார். எதற்கு என்று ஊக்குநர் கேட்டதும், "டி.வி. வாங்கணும்க்கா" என்றார். கூட்டத்தில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "ஆட்டுக்கும் மாட்டுக்கும் கடன் கேட்டாப் பரவாயில்ல, டி.வி.க்கா?" என்றார் ஒருவர். அந்தச் சகோதரியின் முகம் சுருங்கிப் போயிற்று.

பிறகு தனியாக விசாரித்தோம். வீட்டில் ஏற்கனவே ஸ்மார்ட் டி.வி. இருக்கிறது. திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் 2016 தீபாவளி போனஸில் வாங்கிக் கொடுத்தது. மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். பாட வீடியோக்களைச் சின்ன செல்போனில் பார்த்துக் கண் எரிகிறது என்கிறாள். அதற்காகவே வீட்டுக்கு ஃபைபர் இண்டர்நெட் இழுத்தார்கள். ஆனால் டி.வி.யில் இண்டர்நெட் வரவே இல்லை. பார்க்க வந்த மெக்கானிக், "இது பழைய மாடல், உள்ளே போர்டு போயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க" என்று சொல்லி 300 ரூபாய் வாங்கிக்கொண்டு போய்விட்டார். மகள் தினம் சாயங்காலம் பக்கத்துத் தெருவில் தோழி வீட்டுக்குப் போய்ப் படித்துவிட்டு இருட்டிய பிறகு திரும்புகிறாள். அம்மாவுக்கு அதுதான் கவலை. "பொம்பளப் புள்ள வீடு வந்து சேர்ற வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன் மேடம்" என்றார்.

அந்த டி.வி. கெட்டுப்போகவில்லை. 400 ரூபாய்க்குள் செலவு முடிந்தது. அதே 20,000 ரூபாயை நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் 20 தவணையாக, மாதம் 1,000 அசல் கட்டி அடைத்திருந்தால், குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டாலும் வட்டி மட்டும் 2,100 ரூபாய் ஆகியிருக்கும்.

இதே மாதிரி வேறு சில வீடுகளிலும் பார்த்தோம். எல்லோருக்கும் பயன்படட்டும் என்று வரிசையாக எழுதுகிறோம். வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள்.

1. உங்களுடையது ஸ்மார்ட் டி.வி.தானா?

2006-க்குப் பிறகு தமிழக அரசு இலவசமாகக் கொடுத்த வண்ணத் தொலைக்காட்சியை நாம் மறந்திருக்க மாட்டோம். அது பெட்டி டி.வி. அதில் இண்டர்நெட்டுக்கு வழி கிடையாது. தட்டையாக இருக்கும் எல்.இ.டி. டி.வி. எல்லாமே ஸ்மார்ட் டி.வி.யும் அல்ல. ரிமோட்டில் 'ஹோம்' அல்லது 'ஸ்மார்ட்' என்று ஒரு பட்டன் இருக்கிறதா பாருங்கள். பிறகு 'செட்டிங்ஸ்' உள்ளே போய் 'நெட்வொர்க்' என்ற பகுதி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது இண்டர்நெட் ஏற்கும் டி.வி.

2010 முதல் 2013 வரை வந்த சில ஸ்மார்ட் டி.வி.களில் வை-ஃபை உள்ளேயே இருக்காது. வயர் மட்டும் சொருகலாம். வை-ஃபை வேண்டுமென்றால் அந்தக் கம்பெனியே விற்ற தனி டாங்கிள் வேண்டும். கடையில் கிடைக்கும் வேறு டாங்கிளைச் சொருகினால் வேலை செய்யாது. "யு.எஸ்.பி. ஓட்டை இருக்கே, அதுல நெட் டாங்கிளைப் போடலாமே" என்று சிலர் வாங்கி ஏமாந்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட டி.வி.க்கு வயர்தான் வழி. அதைக் கீழே சொல்கிறோம்.

2. குறை லைனிலா, டி.வி.யிலா?

வீட்டில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் பிள்ளைக்கு மருந்து கொடுப்போமா? முதலில் யாருக்கு நோய் என்று தெரிய வேண்டும்.

செல்போனில் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு, வீட்டு வை-ஃபையில் மட்டும் ஒரு வீடியோ போட்டுப் பாருங்கள். செல்போனிலும் வரவில்லை என்றால் டி.வி. மேல் தப்பு இல்லை, லைனில்தான் குறை. ஃபைபர் பெட்டியில் எரியும் விளக்குகளைப் பாருங்கள். 'பான்' என்ற விளக்கு பச்சையாக நிலைத்து எரிய வேண்டும். 'லாஸ்' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மினுக்கினாலோ, வெளியிலிருந்து வரும் கண்ணாடி இழையில் ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். இழை எங்கோ அறுந்திருக்கும், மடங்கியிருக்கும், அல்லது சொருகிய இடம் கழன்றிருக்கும். நாம் டி.வி.யை எத்தனை தடவை ஆஃப் செய்து ஆன் செய்தாலும் பயன் இல்லை. லைன் கொடுத்தவருக்கு போன் செய்து, "சிவப்பு லைட் எரியுது" என்று சொல்லிவிடுங்கள்.

செல்போனில் நன்றாக வந்து டி.வி.யில் மட்டும் வரவில்லை என்றால் மேலே படியுங்கள்.

3. பெட்டி விடும் இரண்டு அலைகள்

வை-ஃபை பெட்டி ரேடியோ போலக் காற்றில் அலை விடுகிறது. இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ். இது கொஞ்சம் மெதுவானது, ஆனால் சுவரைத் தாண்டித் தூரம் போகும். இன்னொன்று 5 கிகாஹெர்ட்ஸ். இது வேகமானது, ஆனால் சுவர் குறுக்கே வந்தால் சீக்கிரம் தளர்ந்துவிடும்.

பழைய ஸ்மார்ட் டி.வி.களில் நிறைய மாடல்களுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். 5 அதன் காதில் விழாது. நாம் முன்பு சொன்ன சகோதரி வீட்டில் நடந்தது இதுதான். லைன் போட்டவர், வேகம் நன்றாக வரட்டும் என்று 5 மட்டும் வைத்துவிட்டுப் போயிருந்தார். மகளின் செல்போன் அதைப் பிடித்துக்கொண்டது. டி.வி.யின் பட்டியலில் பக்கத்து வீட்டு வை-ஃபை பெயர்கள் எல்லாம் வருகின்றன, இவர்கள் பெயர் மட்டும் வரவில்லை! மெக்கானிக் அதைப் பார்த்துத்தான் போர்டு போய்விட்டது என்றார்.

பக்கத்து வீட்டுப் பெயர் தெரிகிறது என்றால் டி.வி.யின் வை-ஃபை உயிரோடுதான் இருக்கிறது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு என்ன செய்வது? லைன்காரரிடம் இந்த நான்கையும் கேளுங்கள். எழுதி வைத்துக்கொண்டு படித்துக் காட்டினாலும் போதும்.

• 2.4 அலையை ஆன் செய்து, அதற்குத் தனிப் பெயர் வையுங்கள். இரண்டு அலைக்கும் ஒரே பெயர் இருந்தால் சில பழைய டி.வி.கள் குழம்பி, ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும்.

• பாதுகாப்பு முறையை டபிள்யூ.பி.ஏ.2 என்று வையுங்கள். டபிள்யூ.பி.ஏ.3 என்பது 2018-ல் வந்தது. அதற்கு முந்தைய டி.வி.க்கு அது புரியாது. பாஸ்வேர்டு சரியாகப் போட்டாலும் தப்பு என்றே சொல்லும்.

• 2.4-ன் சேனலை 1, 6, 11 இந்த மூன்றில் ஒன்றாக வையுங்கள். 12, 13-ல் வைத்தால் சில டி.வி.க்குப் பெயரே தெரியாது.

• பாஸ்வேர்டு எட்டு எழுத்துக்குக் குறையாமல், ஆங்கிலச் சின்ன எழுத்தும் எண்ணும் மட்டும் கலந்து வையுங்கள். ரிமோட்டில் குறியீடுகளைத் தேடி அடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். செல் நம்பர், பிள்ளை பெயர், பிறந்த தேதி வேண்டாம். சம்பந்தமில்லாத இரண்டு வார்த்தையும் நான்கு எண்ணும் இருந்தால் நல்லது.

4. "கனெக்டட்" என்கிறது, ஆனால் படம் வரவில்லை

அந்த வீட்டில் 2.4 கிடைத்ததும் டி.வி. உடனே இணைந்தது. எல்லோரும் கை தட்டினோம். யூடியூப்பைத் திறந்தால் "நெட்வொர்க் இல்லை" என்கிறது! எங்களுக்கே என்ன செய்வது என்று தெரியவில்லை. "அந்த ஆள் சொன்னது சரிதான் போல" என்று வீட்டுக்காரர் முணுமுணுத்தார். நாங்களும் அன்றைக்குத் தோல்வியோடுதான் திரும்பி வந்தோம்.

மறுநாள் போய்ப் பார்த்தபோது மகள்தான் கண்டுபிடித்தாள். "மேடம், டி.வி.யில 2015 ஜனவரின்னு காட்டுது!"

தேதிக்கும் இண்டர்நெட்டுக்கும் என்ன சம்பந்தம்? நாம் வங்கிக்குச் சான்றிதழ் கொண்டு போனால், அது எந்தத் தேதி வரை செல்லும் என்று பார்க்கிறார்கள் அல்லவா? அதேபோல யூடியூப் போன்ற ஒவ்வொரு தளமும் "நான் உண்மையானவன்தான்" என்று ஒரு மின்னணுச் சான்றிதழைக் காட்டும். டி.வி. அதன் தேதியைத் தன் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். டி.வி.யில் 2015 என்று இருந்தால், இன்றைய சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை என்று நினைத்துக் கதவை மூடிவிடும். 'செட்டிங்ஸ்' உள்ளே 'டைம்' பகுதிக்குப் போய்த் தேதி, நேரத்தைச் சரி செய்தோம். யூடியூப் வந்துவிட்டது. 'ஆட்டோ' என்று இருந்தால் அதையே வையுங்கள். கரண்ட் போய் வந்தால் தேதி பின்னால் போய்விடும் டி.வி. என்றால், ஒவ்வொரு முறையும் முதலில் தேதியைப் பாருங்கள்.

தேதி சரியாக இருந்தும் வரவில்லை என்றால் இரண்டு காரியம் செய்யலாம்.

முதலாவது, மென்பொருள் புதுப்பித்தல். செட்டிங்ஸில் 'சப்போர்ட்' அல்லது 'அபவுட்' பகுதியில் 'சாஃப்ட்வேர் அப்டேட்' இருக்கும். டி.வி.க்குள் நம்பகமான சான்றிதழ்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதுவும் காலாவதி ஆகும். 2021 செப்டம்பர் 30 அன்று இப்படி ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியானபோது, அப்டேட் செய்யாத பழைய சாதனங்கள் பல தளங்களுக்குள் போக முடியாமல் நின்றன. அப்டேட் ஓடும்போது கரண்ட் போகக் கூடாது. போனால் டி.வி. நிஜமாகவே கெட்டுப்போகலாம். கரண்ட் போகும் நேரம் பார்த்துச் செய்யாதீர்கள்.

இரண்டாவது, டி.என்.எஸ். எண். நெட்வொர்க் செட்டிங்ஸில் ஐ.பி. என்பது 'ஆட்டோ'வாகவே இருக்கட்டும். டி.என்.எஸ். மட்டும் 'மேனுவல்' என்று மாற்றி 8.8.8.8 என்று போட்டுப் பாருங்கள். இது கூகுள் நிறுவனம் இலவசமாகத் தரும் விலாசப் புத்தகம் போன்றது. பயன் இல்லையென்றால் மறுபடி 'ஆட்டோ'வுக்கே மாற்றிவிடுங்கள்.

5. வருகிறது, ஆனால் விட்டு விட்டு வருகிறது

மூன்று நாள் நன்றாக ஓடியது. நான்காம் நாள் போன் வந்தது. "சாயங்காலமானா சுத்திக்கிட்டே நிக்குது மேடம்." போய்ப் பார்த்தால், ஃபைபர் பெட்டி உள் அறையில் இரும்பு பீரோ மேலே, சுவரோரம் இருக்கிறது. டி.வி. முன் அறையில். நடுவில் இரண்டு சுவர். சாயங்காலம் எல்லா வீட்டு வை-ஃபையும் சேர்ந்து ஓடும்போது காற்றில் நெரிசலும் சேர்ந்துகொள்கிறது.

இரும்பு, தகரம், தண்ணீர்த் தொட்டி, காங்கிரீட் இவை எல்லாம் அலையை மறைக்கும். பெட்டியைத் திறந்த இடத்தில், ஆள் உயரத்தில் ஆணி அடித்து மாட்டுங்கள். டி.வி.க்குப் பின்னால் ஒளித்து வைக்காதீர்கள்.

எல்லாவற்றையும் விட நம்பகமான வழி வயர். இதை லேன் கேபிள் என்பார்கள். டி.வி.யின் பின்னால் 'லேன்' என்று எழுதிய சதுர ஓட்டை இருக்கும். ஃபைபர் பெட்டியிலும் அதே மாதிரி இருக்கும். இரண்டையும் இணைத்தால் சுவர், நெரிசல், பாஸ்வேர்டு எந்தத் தொல்லையும் இல்லை. 'கேட் 5இ' என்று கேட்டு வாங்கி, இரண்டு முனையிலும் கிளிப் அடித்துத் தரச் சொல்லுங்கள். 100 மீட்டர் தூரம் வரை தாங்கும். கரண்ட் வயரோடு சேர்த்துக் கட்ட வேண்டாம். கதவு நசுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் 12 மீட்டர் வயர் இழுத்தோம். அதோடு பிரச்சினை முடிந்தது.

வயர் போட முடியாத வீட்டில், நின்று போனால் இப்படிச் செய்யுங்கள்: டி.வி. பிளக்கைப் பிடுங்குங்கள். ரிமோட்டில் அணைத்தால் டி.வி. தூங்குகிறது, முழுதாக நிற்பதில்லை. ஃபைபர் பெட்டியையும் ஒரு நிமிடம் அணையுங்கள். முதலில் பெட்டியை ஆன் செய்து, விளக்குகள் நிலைத்த பிறகு டி.வி.யைப் போடுங்கள். டி.வி.யை முதலில் போடக் கூடாது.

இடி மின்னல் நேரத்தில் இரண்டு பிளக்கையும், லேன் வயரையும் கழற்றிவிட மறக்காதீர்கள்.

6. ஆப்பே நின்றுபோய்விட்டால்?

சில நேரம் இணைப்பு சரியாக இருக்கும், ஆப் மட்டும் ஓடாது. அந்தக் கம்பெனி பழைய டி.வி.களைக் கைவிட்டிருக்கும். 2012-க்கு முந்தைய பல டி.வி.களில் யூடியூப் ஆப் 2015 ஏப்ரலில் நின்றது. 2010, 2011-ல் வந்த சில டி.வி.களில் நெட்ஃபிளிக்ஸ் 2019 டிசம்பரில் நின்றது. இதை எந்த மெக்கானிக்காலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

அப்போதும் புது டி.வி. வேண்டாம். பின்னால் 'ஹெச்.டி.எம்.ஐ.' ஓட்டை இருந்தால், சுமார் 2,000 முதல் 5,000 ரூபாய்க்குள் கிடைக்கும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்றைச் சொருகினால் போதும். இண்டர்நெட் வேலையை ஸ்டிக் பார்த்துக்கொள்ளும், டி.வி. படம் மட்டும் காட்டும். ஸ்மார்ட் அல்லாத எல்.இ.டி. டி.வி.க்கும் இது பொருந்தும். ஸ்டிக்குக்கு டி.வி.யின் யு.எஸ்.பி.யிலிருந்து கரண்ட் எடுக்காதீர்கள், அது போதாமல் அடிக்கடி நின்றுவிடும். கூட வரும் அடாப்டரைச் சுவர் பிளக்கில் போடுங்கள்.

பெயர் தெரியாத மலிவுப் பெட்டிகள் வேண்டாம். அவற்றில் சிலவற்றில் திருட்டு மென்பொருளைச் சேர்த்தே விற்கிறார்கள் என்று 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. அமைப்பே எச்சரித்திருக்கிறது.

7. ஏமாறாதீர்கள்!

டி.வி.யில் ஆப் திறக்கும்போது ஒரு குறியீட்டு எண் காட்டி, செல்போனில் போடச் சொல்லும். இது இலவசம். ஆனால் "டி.வி. ஆக்டிவேஷன்" என்று கூகுளில் தேடினால் போலியான கஸ்டமர் கேர் நம்பர்கள் வரும். போன் செய்தால் பணம் கட்டச் சொல்வார்கள். இல்லையென்றால் செல்போனில் ஒரு ஆப் ஏற்றச் சொல்லி, நம் திரையை அவர்கள் பார்த்து வங்கிக் கணக்கைக் காலி செய்வார்கள். ஓ.டி.பி. யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு மறைக்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது.

சகோதரிகள் கேட்ட கேள்விகள்

செல்போன் ஹாட்ஸ்பாட்டில் டி.வி. பார்க்கலாமா?
பார்க்கலாம். ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸில் 2.4 என்றும், டபிள்யூ.பி.ஏ.2 என்றும் மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு மணி நேரத்துக்குச் சாதாரணத் தரத்தில் சுமார் 1 ஜி.பி.யும், ஹெச்.டி. தரத்தில் 3 ஜி.பி. வரையும் ஆகும். தினம் ஒன்றரை ஜி.பி. பேக் போட்டவர்களுக்குக் கட்டுப்படியாகாது.

பெரிய பிளான் போட்டால்தான் டி.வி. நன்றாக ஓடுமா?
இல்லை. டி.வி.க்கு 5 எம்.பி.பி.எஸ். வந்து சேர்ந்தால் ஹெச்.டி. படம் ஓடும். அலை சரியாகப் போய்ச் சேராத வீட்டில் பெரிய பிளான் போடுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது மாதிரிதான்.

இண்டர்நெட்டே இல்லாத வீட்டில் பாடம் பார்க்க வழி உண்டா?
2019 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி கேபிளில் வரும். அதே பாடங்களை யூடியூப்பிலும் பார்க்கலாம்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

அந்தக் குழுவில் அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டார்கள். "வீட்டுச் சாமான் கெட்டுப்போனது என்று கடன் கேட்டால், இரண்டு உறுப்பினர் போய்ப் பார்த்த பிறகே கடன் முடிவு செய்வது." அன்று சிரித்தவர்களில் ஒருவர்தான் இதை முன்மொழிந்தார். அவர் வீட்டு டி.வி.யும் ஒரு வருடமாகத் துணி போர்த்தி மூலையில் கிடந்ததாம்! பிளஸ் ஒன் படிக்கும் பெண் போய்த் தேதியை மாற்றிக் கொடுத்திருக்கிறாள்.

கடன் கேட்ட சகோதரி அதே கூட்டத்தில் 8,000 ரூபாய் கடன் வாங்கினார், தையல் மெஷினுக்கு மோட்டார் போடவும் துணி வாங்கவும். மத்தியானம் மகள் பள்ளிக்குப் போன நேரத்தில், அந்த டி.வி.யில்தான் ஜாக்கெட் கட்டிங் பார்த்துப் பழகுகிறார். சாயங்காலம் டி.வி. மகளுக்கு. "இப்பல்லாம் நான் வாசலைப் பாக்கிறதில்ல மேடம்" என்றார்.

உங்கள் ஊரில் இப்படிச் சரி செய்த அனுபவம் இருந்தால், குழுப் பெயரோடு எழுதிக் கூட்டமைப்பு அலுவலகத்தில் கொடுங்கள். இந்தப் பக்கத்தில் வெளியிடுவோம்.

தெரிந்துகொள்வோம்! தெரிந்ததைப் பகிர்வோம்! தேவையற்ற கடனைத் தவிர்ப்போம்!